காளை எங்கள் பெயரில், வாடிவாசல் மும்பையில்: ரக்பி பிரீமியர் லீக்குக்கு ஒரு திறந்த மடல்

ரக்பி பிரீமியர் லீக்கை நடத்துவோருக்கும், சென்னை புல்ஸ் அணியின் உரிமையாளர்களுக்கும்,

2025 ஜூன் 29, ஞாயிற்றுக்கிழமை. பட்டினப்பாக்கம் கடற்கரையில் ஒரு ஃபைபர் படகின் மறைவில் இருபத்திரண்டு பேர் ஒரே செல்போனில் உங்கள் இறுதிப் போட்டியைப் பார்த்தோம். போன் என்னுடையது. பாதியில் சார்ஜ் குறைந்து, டீக்கடையிலிருந்து ஒரு பவர் பேங்க் இரவல் வாங்கி வந்தார்கள். சென்னை புல்ஸ் டெல்லி ரெட்ஸை 41-0 என்று சுருட்டியது. இறுதிப் போட்டியில் எதிராளிக்கு ஒரு பாயிண்ட்கூடக் கொடுக்காமல் ஜெயிப்பது லேசில் நடக்கிற காரியமில்லை. பிள்ளைகள் மணலில் புரண்டார்கள். கத்தல் அடங்கியதும் பதினொரு வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: "மாஸ்டர், கப்ப எப்போ ஊருக்கு எடுத்துனு வருவாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் நீங்கள்தான் என்பதால் இந்தக் கடிதம்.

நான் இந்த ஊரில் பதினாறு வருடம் ரக்பி ஆடியவன். இடது முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு ஆறு வருடமாகப் பயிற்சி கொடுக்கிறேன். பகலில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறேன். காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம் பிள்ளைகள் முப்பது பேரோடு மணலில் ஓடுகிறேன். அதில் ஒன்பது பேர் பெண்பிள்ளைகள். எங்களிடம் ஐந்து பந்துகள் இருக்கின்றன, இரண்டில் காற்று நிற்காது. பந்தோடு ஓடுபவரைப் பிடித்து வீழ்த்துவதுதான் டேக்கிள்; அதைப் பழக டேக்கிள் பேக் வாங்கக் காசில்லாமல், பழைய சாக்கில் வலைத்துண்டுகளைத் திணித்துத் தைத்து வைத்திருக்கிறோம். நன்றாகவே இருக்கிறது, மழையில் நனைந்தால் மட்டும் நாறும்.

உங்கள் லீக்குக்கு நான் எதிரி இல்லை. வந்ததில் என்னைவிட சந்தோஷப்பட்டவர் இந்த ஊரில் குறைவு. பல வருடமாக நான் ரக்பி என்றால் எதிரில் இருப்பவர் "ஓ, ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்வார்களே, அதுவா?" என்பார். இல்லை, அது அமெரிக்கக் கால்பந்து, இது வேறு, இதில் பந்தைப் பின்னால்தான் பாஸ் பண்ண வேண்டும் என்று ஆரம்பித்தால் அவர் கண் வேறு பக்கம் போய்விடும். ஜூன் மாதம் அந்தத் தொல்லை இல்லை. டிவியைப் போடு, பார் என்றேன், பார்த்தார்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பி, நான்கு நிமிடத்துக்கு ஒரு கால்பகுதி, பதினாறு நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது. 2017-லும் 2018-லும் உலகின் சிறந்த செவன்ஸ் வீரராகத் தேர்வான பெர்ரி பேக்கர், ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிய தென்னாப்பிரிக்க அணியில் ஆடிய ரோஸ்கோ ஸ்பெக்மன் போன்றவர்களை இந்திய மண்ணில் இந்தியப் பையன்களோடு ஓட வைத்தீர்கள். எதிராளியை ஏமாற்ற ஸ்பெக்மன் சட்டென்று பக்கம் மாறி வைக்கும் ஸ்டெப்பை என் பிள்ளைகள் இப்போது மணலில் போட்டுப் பார்த்து விழுகிறார்கள். இது உங்களால் நடந்தது, மறுக்கவில்லை.

ஆனால் ஜூன் 15 முதல் 29 வரை நடந்த 34 ஆட்டங்களும் ஒரே மைதானத்தில், மும்பை அந்தேரியில் நடந்தன. சென்னை புல்ஸ் என்று பெயர் வைத்தீர்கள், ஒரு ஆட்டம்கூடச் சென்னையில் இல்லை. காளைக்கு எங்கள் ஊர்ப் பெயர், அவிழ்த்துவிட்ட வாடிவாசல் வேறு ஊரில். சாம்பியன் ஆன அணி தன் ஊர்க்காரர்கள் முன்னால் ஒரு நிமிடம்கூட ஆடாமல் சாம்பியன் ஆகியிருக்கிறது. இதை நான் கேட்டால் நண்பர்கள், "முதல் சீசன்தானேப்பா, பொறு" என்கிறார்கள். பொறுக்கலாம். ஆனால் முதல் சீசனில் வசதிக்காகச் செய்தது இரண்டாவதில் வழக்கமாகி, மூன்றாவதில் விதியாகிவிடுவதை இந்த ஊர் முன்பே பார்த்திருக்கிறது. அதனால் இப்போதே கேட்டுவிடுகிறேன்.

ஹாக்கியில் போன குளிர்காலத்தில் இதே கதைதான். தமிழ்நாடு டிராகன்ஸ் என்று ஓர் அணி. ஹாக்கி இந்தியா லீக்கின் ஆண்கள் ஆட்டம் ஒன்றுகூடத் தமிழ்நாட்டில் இல்லை. எழும்பூரில் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியம் என்று ஒன்று இருப்பதே அந்த அட்டவணைக்குத் தெரியாது. கபடியைப் பாருங்கள். தமிழ் தலைவாஸ் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். ஆனாலும் நேரு உள்விளையாட்டரங்கில் அவர்கள் ஆடும்போது கூட்டம் அலறும், காது அடைத்துவிடும். தோற்ற பிறகு டீக்கடையில் உரிமையோடு திட்டுகிறோம். நேரில் பார்த்த அணியைத்தான் அப்படித் திட்ட முடியும். சென்னை புல்ஸைத் திட்ட எனக்கு ஆசை, சொன்னால் நம்புங்கள்.

செலவு என்பீர்கள். ஆறு அணிகள், அணிக்குப் பதின்மூன்று வீரர்கள், மொத்தம் 78 பேர். ஒளிபரப்புக் கருவிகள், ஹோட்டல், ஒரே ஊரில் வைத்தால்தான் கட்டுப்படியாகும். புரிகிறது, நானும் கணக்கு எழுதுகிறவன்தான். ஆனால் இடம் ஒன்றே ஒன்றுதான் என்றாலும், அது ஏன் ஜூன் மாத மும்பை என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. இந்த வருடம் மும்பையில் பருவமழை மே 26-லேயே வந்துவிட்டது. சென்னையில் அக்னி நட்சத்திரம் மே கடைசியோடு முடிந்துவிடும். ஜூனில் பகல் வெயில் கொளுத்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் பதினாறு நிமிடம் ஓட அது பெரிய தடை இல்லை. பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் இருக்கிறது, விளக்கு இருக்கிறது. சென்னையின் எஃப்சி கால்பந்து அணிக்கு அது சொந்த மைதானம், ஆனால் அவர்கள் ஆடும் ஐ.எஸ்.எல். லீக் ஜூனில் இல்லை. மும்பையில் நீங்கள் ஆடியதும் ஒரு கால்பந்து அணியின் மைதானத்தில்தான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

இங்கிருந்து மும்பைக்கு ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் ஆகும். தமிழ்நாட்டில் ஜூன் 2-ஆம் தேதி பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. புது வகுப்பு, புது நோட்டு, ஃபீஸ். அந்த நேரத்தில் எந்த வீட்டில் பிள்ளையை மும்பைக்கு ஆட்டம் பார்க்க அனுப்புவார்கள்? மே மாதம் என்றால்கூட யாரிடமாவது கையேந்தி நான்கு பேரையாவது கூட்டிப் போயிருப்பேன்.

இந்த ஜூன் கணக்கை என் பிள்ளைகள் வேறு விதமாகக் கேட்டார்கள். ஏன் மாஸ்டர் இந்தப் பெரிய பிளேயருங்க எல்லாரும் இப்ப மட்டும் வராங்க? நான் சொன்னேன்: நாடு நாடாகச் சுற்றும் உலக செவன்ஸ் தொடர் மே மாதம் லாஸ் ஏஞ்சலிஸில் முடிந்துவிட்டது, இனி சில மாதம் அவர்களுக்கு சீசன் இல்லை, அந்த இடைவெளியில் இங்கே வந்து ஆடுகிறார்கள். ஒருவன் உடனே கேட்டான்: "தடைக்காலம் மாதிரியா?"

எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு விளக்கம் வேண்டாம். உங்களுக்காகச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. என் பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பாக்கள் காசிமேட்டிலிருந்து கிளம்பும் லாஞ்சுகளில் வேலை பார்க்கிறார்கள். அந்த இரண்டு மாதம் வீட்டில் வருமானம் கிடையாது. வலை பின்னுவார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள். இந்த வருடம் தடை முடிந்து படகுகள் கிளம்பிய ஜூன் 15 அன்றுதான் உங்கள் லீக்கும் ஆரம்பித்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு எல்லார் கண்ணும் கடல் மேல்.

தடைக்காலம் எதற்கு என்று அந்தப் பையன்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மீன் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வளரத்தான். உங்கள் சீசன் இல்லாத காலத்து லீக்கை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். அங்கே இருப்பது எல்லாம் வளர்ந்த மீன். குஞ்சு எங்கே வளர்கிறது?

செவன்ஸ் என்ற ஆட்டமே குஞ்சைக் காப்பாற்றப் பிறந்தது. 1883 ஏப்ரல் 28. ஸ்காட்லாந்தில் மெல்ரோஸ் என்ற சின்ன ஊர். ஊர் ரக்பி கிளப்பில் காசில்லை. நெட் ஹேய்க் என்று ஒரு கசாப்புக் கடைக்காரர், அவரும் கிளப் ஆட்டக்காரர்தான். காசு திரட்ட ஒரு நாள் போட்டி வைக்கலாம் என்றார். பதினைந்து பேர் ஆட்டமாக வைத்தால் ஒரே நாளில் பல அணிகளை ஆடவைக்க முடியாது. அதனால் ஏழு பேராகக் குறைத்தார்கள். கோப்பையை ஊர்ப் பெண்கள் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒலிம்பிக் வரை போன ஆட்டத்தின் ஆரம்பம் இவ்வளவுதான், ஓர் ஊர் கிளப் சாகாமல் இருக்க எடுத்த வசூல்.

அவ்வளவு பழசு வேண்டாம் என்றால் இங்கிலாந்தைப் பாருங்கள். பிரீமியர்ஷிப் தொழில்முறை கிளப்புகள் 2010-இல் இதே மாதிரி சீசனுக்கு முந்தைய இடைவெளியில் ஒரு செவன்ஸ் தொடரை ஆரம்பித்தன. பணம் புரளும் பெரிய கிளப்புகள். ஆனால் நட்சத்திரங்களை ஓய்வில் விட்டுவிட்டுப் பெரும்பாலும் அகாடமிப் பையன்களையும் பெஞ்சில் உட்காரும் ஆட்களையும் இறக்கினார்கள். முதல் சில வருடங்களில் பிரிவுக்கு நான்கு அணி என்று பிரித்து, வெவ்வேறு கிளப்புகளின் சொந்த மைதானங்களில் மாலை ஆட்டங்களாக வைத்தார்கள். ஊர்ச் சனம் வேலை முடிந்து பிள்ளைகளோடு வந்து பார்த்தது. பிற்பாடு அதையும் ஒரே மைதானத்துக்குள் சுருக்கினார்கள், அது வேறு விஷயம். இளசுகளை இறக்க அந்த இடைவெளியைப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். உலகிலேயே முதல் ஃபிரான்சைஸ் செவன்ஸ் லீக் என்று சொல்லிக்கொள்கிறீர்கள், சரி. இந்த விஷயத்தில் முதலாக இருக்க வேண்டியதில்லை, பார்த்துச் செய்தால் போதும்.

உங்கள் அணிக் கணக்குக்கு வருகிறேன். ஐந்து வெளிநாட்டு நட்சத்திரங்கள், கனடா, ஹாங்காங், ஜெர்மனி நாடுகளிலிருந்து 'பிரிட்ஜ்' வீரர்கள் மூன்று பேர், இந்தியர்கள் ஐந்து பேர். பாலம் என்ற பெயர் எனக்குப் பிடித்திருந்தது. பாலத்துக்கு இரண்டு கரை வேண்டும். அந்தப் பக்கக் கரை தெரிகிறது. இந்தப் பக்கத்தில் ஆறு அணிக்கும் சேர்த்து முப்பது இந்தியர்கள், அதோடு சரி. அந்த முப்பதும் நாட்டுக்கான கணக்கு. ஊருக்கான கணக்கு அதில் கிடையாது. ஒரு சென்னைப் பையன் சென்னை அணிக்கு எந்த வழியாக வந்து சேர வேண்டும் என்று என்னிடம் ஒரு தகப்பன் கேட்டால் காட்ட என்னிடம் வரைபடம் இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். பதினான்கு வயதில் என்னிடம் வந்தான். அதற்கு முன் தெருவில் கபடி ஆடிக்கொண்டிருந்தான். டேக்கிள் சொல்லித்தர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எதிராளியின் இடுப்பைப் பார்த்து, தோளைக் கொடுத்து, காலை வாரிக்கொண்டு விழுவான். தமிழ்நாட்டில் இந்தப் பிடியோடு பிறந்த பையன்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். பந்தைப் பின்னால் போடக் கற்றுக்கொடுத்தால் மீதி தானாக வரும். இவனுக்கு வேகமும் இருந்தது. மூன்று வருடம் நன்றாக ஆடினான். இப்போது பத்தொன்பது வயது, பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். இறுதிப் போட்டி அன்றைக்கு எங்களோடு இரண்டு கால்பகுதி நின்று பார்த்தான், ஆர்டர் வந்தது, போய்விட்டான். அவன் ஆட்டத்தை விட்டது குறித்து நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. அவனுக்கு அடுத்த படி என்று காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இப்போது ஒரு படி கட்டியிருக்கிறீர்கள், ஆனால் அது இரண்டாவது மாடியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

மைதானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செவன்ஸில் ஆள்தான் பாதி, மைதானம் அதேதான், நூறு மீட்டர் நீளம். இந்த நகரத்தில் காலையில் நூறு மீட்டர் வெற்றிடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெருவில் எந்த ஆட்டம் ஆடிய யாருக்கும் தெரியும். கார்ப்பரேஷன் கிரவுண்டு ஒன்றில் போன வருடம் மூன்று மாதம் ஆடினோம். நடுவில் கிரிக்கெட் பிட்ச், சிமெண்ட் மாதிரி இறுகிய மண். ஒரு பையன் டேக்கிளில் அதன் மேல் விழுந்து காறை எலும்பு முறிந்தது. தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். இன்சூரன்ஸ் எதுவும் இல்லை. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மறுவாரம் எல்லாரையும் மணலுக்கே திரும்பக் கூட்டிவந்துவிட்டேன். மணலில் விழுந்தால் அடிபடாது. ஆனால் மணலில் ஆறு வருடம் ஓடியவன் புல்தரையில் பூட்ஸ் போட்டு ஓடும்போது முதல் பத்து நிமிடம் பனிக்கட்டியில் நிற்பது மாதிரி தடுமாறுவான். தேர்வாளர் பார்ப்பது அந்தப் பத்து நிமிடத்தைத்தான்.

பெண்பிள்ளைகள். முதல் சீசன் ஆண்களுக்கு மட்டும். இந்தியப் பெண்கள் 2019 ஜூனில் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்று பதினைந்து பேர் ஆட்டத்தில் தங்கள் முதல் சர்வதேச வெற்றியை எடுத்தார்கள். 2022-இல் ஜகார்த்தாவில் ஆசிய செவன்ஸ் டிராபியில் வெள்ளி. இந்திய ரக்பியில் எது முன்னால் ஓடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. முன்னால் ஓடுகிறவர்களை அடுத்த பஸ்ஸில் வரச் சொல்லிவிட்டு லீக் கிளம்பிவிட்டது. எங்கள் குழுவில் நன்றாக டேக்கிள் செய்கிறவள் ஒரு பதினைந்து வயதுப் பெண். அவள் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். லீக்கை டிவியில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, இதுல பொம்பளப் புள்ளைக்கு என்ன இருக்கு, சொல்லு." காலையில் அந்தப் பெண் வீட்டில் தண்ணீர் பிடித்து, பாத்திரம் கழுவிக் கொடுத்துவிட்டு ஓடிவருகிறாள். பத்தாம் வகுப்பு. அடுத்த வருடம் அவள் வருவாளா என்பது அந்தக் கேள்விக்கு நான் சொல்லும் பதிலில் இருக்கிறது. எனக்காக அந்தப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் ஆறு அணிகளில் கலிங்கா என்ற பெயருக்குப் பின்னால் சொல்ல ஒரு கதை இருக்கிறது. 2007-லேயே ஒடிசாவில், புவனேஸ்வரத்தின் கிஸ் என்ற பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியிலிருந்து பையன்கள் லண்டன் போய்ப் பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் சர்வதேசப் போட்டியை ஜெயித்து வந்தார்கள். அந்தப் பெயருக்கு அடியில் வேர் இருக்கிறது, நீர் ஊற்ற ஆளும் இருக்கிறார்கள். இலங்கையில் இன்னும் ஆழம். கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டி கல்லூரியும் 1945 முதல் பிராட்பி கேடயத்துக்காக மோதுகின்றன. பள்ளிக்கூட ஆட்டம்தான், ஆனால் தாத்தாவும் பேரனும் ஒரே நிறக் கொடியோடு வந்து உட்காருகிறார்கள். அங்கே ரக்பிக்குக் கூட்டம் சேர்வதன் ரகசியம் இதுதான். சென்னை என்ற பெயருக்கு அடியில் இப்போதைக்கு ஒரு ஜெர்சியும் ஒரு கோப்பையும் இருக்கின்றன.

கோப்பை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. 1873-இல் கல்கத்தாவில் ரக்பி கிளப் ஒன்று ஆரம்பித்தார்கள். நாலைந்து வருடத்தில் ஆள் சேராமல் மூடினார்கள். கணக்கில் மிச்சமிருந்த 270 வெள்ளி ரூபாய்களை உருக்கி, மூன்று நாகப்பாம்பைக் கைப்பிடியாக வைத்து, மூடியில் ஒரு யானையை நிறுத்தி, ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் ஆடுகின்றன. அழகான கோப்பை என்று சொல்கிறார்கள். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

இனி நேரடியாகக் கேட்பவை. இரண்டாவது சீசனின் அட்டவணையை வெளியிடுவதற்கு முன் இவற்றுக்குப் பொதுவெளியில் பதில் வேண்டும்.

முதலில், சென்னையில் ஆட்டம். பாதி சீசன் கேட்கவில்லை, ஒரு சனி ஞாயிறு போதும். 78 வீரர்களை இரண்டு மணி நேர விமானத்தில் கொண்டுவந்து நேரு ஸ்டேடியத்தில் இரண்டு மாலை ஆடவையுங்கள். ஒரு பக்கத்து கேலரியைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகத் திறந்துவிடுங்கள். கூட்டம் வராது என்று பயந்தால், மைதானத்தை நிரப்பும் வேலையில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பட்டினப்பாக்கத்திலிருந்து மட்டும் நான்கு பஸ் நிறையும். இது முடியவே முடியாது என்றால், ஏன் முடியாது என்று செலவுக் கணக்கோடு எழுதுங்கள். படித்துப் பார்த்து ஒத்துக்கொள்ளக்கூடிய ஆள்தான் நான்.

அடுத்தது, அணியில் ஓர் இடம். ஐந்து இந்தியர்களில் ஒருவர் அந்த அணியின் பெயரில் உள்ள ஊரிலோ மாநிலத்திலோ வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்று விதி செய்யுங்கள். அந்தத் தரத்தில் இன்றைக்கு ஆள் இல்லை என்பீர்கள். அப்படியானால் பதின்மூன்றுக்கு மேல் பதினான்காவதாக ஒரு பயிற்சி இடம் கொடுங்கள். ஆட வேண்டாம். அந்த இரண்டு வாரமும் பெர்ரி பேக்கர் எப்படி வார்ம்-அப் செய்கிறார், என்ன சாப்பிடுகிறார், தோற்ற பிறகு எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒரு பதினெட்டு வயதுப் பையன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அதற்கான தேர்வைச் சென்னை, மதுரை, கோவை மூன்றிலும் புல்தரையில் நடத்துங்கள். தேதியை ஒரு மாதம் முன்பே தமிழில் அறிவியுங்கள். அறிவிப்பு ஆங்கிலத்தில் இன்ஸ்டாகிராமில் மட்டும் வந்தால் என் பிள்ளைகளின் வீட்டுக்கு அது வந்து சேராது.

பெண்களுக்கான லீக் எந்த வருடம் என்று ஒரு தேதி சொல்லுங்கள். "விரைவில்" என்பது தேதி இல்லை. ஆறு அணி முடியாவிட்டால் நான்கு, நான்கு முடியாவிட்டால் ஆண்கள் ஆட்டங்களுக்கு நடுவில் தினமும் ஒரே ஓர் ஆட்டம். அந்த அம்மாவிடம் சொல்ல எனக்கு ஒரு தேதி போதும்.

அப்புறம், மிச்சமிருக்கும் ஐம்பது வாரம். உங்கள் லீக் மொத்தம் 544 நிமிட ஆட்டம், ஒன்பது மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். வருடத்தின் மீதி நேரம் முழுக்க சென்னை என்ற பெயர் சும்மா இருக்கிறது. அந்தப் பெயருக்கு வாடகையாக ஒன்று செய்யுங்கள். உரிமையாளர்கள் அணிக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, ஆண்டு முழுவதும் வாரத்துக்கு மூன்று காலை, பிட்ச் இல்லாத ஒரு புல்தரையை வாடகைக்கு எடுத்து ஊரில் உள்ள எல்லா ரக்பிக் குழுக்களுக்கும் பொதுவாகத் திறந்துவிடுங்கள். ஆடும் பிள்ளைகளுக்கு விபத்துக் காப்பீடு எடுங்கள். ரக்பி விதிகளைத் தமிழில் படத்தோடு ஒரு சின்ன புத்தகமாகப் போட்டு பள்ளி பி.டி. மாஸ்டர்களுக்குக் கொடுங்கள். முட்டிமோதிச் சாகிற ஆட்டம் என்று ஒரு பள்ளியில் என்னை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். தோளுக்கு மேல் பிடித்தால் தண்டனை உண்டு, கார்டுகூட வரலாம் என்ற விதியை அவர்களுக்குக் காட்ட என்னிடம் ஆங்கிலப் பிரிண்ட்-அவுட்தான் இருந்தது. பயிற்சியாளர், நடுவர் வகுப்புகளையும் இங்கே தமிழில் நடத்துங்கள். சீசன் முடிந்ததும் ஆடித் தேய்ந்த பந்துகளை என்ன செய்கிறீர்கள் என்று தெரியாது. எங்களுக்கு அனுப்பினால் காற்று அடித்துக்கொள்கிறோம்.

கடைசியாக, அந்தப் பையனின் கேள்வி. கோப்பையை ஒரு நாள் சென்னைக்குக் கொண்டுவாருங்கள். நட்சத்திர ஹோட்டல் அரங்கு வேண்டாம், மேடையும் வேண்டாம். அணியின் இந்திய வீரர்கள் இரண்டு பேர் கூட வந்தால் போதும். காலை ஐந்தரை மணிக்கு, பட்டினப்பாக்கத்தில், லூப் ரோடு தாண்டி மணலில் இறங்கும் இடத்தில் நாங்கள் இருப்போம். ஏழு மணிக்கு முன்னால் வர வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பட்டினப்பாக்கத்திலிருந்து ஒரு ரக்பி மாஸ்டர்
ஜூலை 2025